காளைக்கு அடியில் ஒரு பெயர்

மே 11, ஞாயிறு

பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து என் மோட்டார் ரிப்பேர் கடை மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. இன்று இதை எடுத்து எழுத வைத்தவன் டேனி. ஈரோட்டில் பச்சை குத்துகிறவன், சொந்தப் பெயர் தனபால். "தெனமும் எத்தன தடவ கழுவுனீங்க, என்ன தடவுனீங்கன்னு எழுதி வையுங்ணா. ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்குச் சொல்லச் சுலுவா இருக்கும்" என்றான்.

வலது மேல்கையில் ஒரு காங்கேயம் காளை. நான் கேட்டது உள்ளங்கை அளவு. பழைய எழுத்தை மறைப்பதென்றால் மூன்று மடங்கு பெரிதாகப் போட வேண்டுமாம், கறுப்பும் நிறைய வேண்டுமாம். நாலெழுத்தை மறைக்க ஒரு முழு மாடு. நாலு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாலெழுத்து பூங்கொடி. இருபது வயசில் கோயில் திருவிழாக் கடையில் குத்திக்கொண்டது. அவள் இப்போது திருப்பூரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். நான் அவளை நினைப்பதே இல்லை. ஊசி அந்தப் பெயரின் மேல் போனபோது ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தேன். வலித்தது, அவ்வளவுதான்.

ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம். முப்பத்தாறு வயசு, ஒன்பது வருஷமாகப் பெண் தேடல். எங்கள் பக்கம் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று தேடினவனுக்குத்தான் தெரியும். கடைசியில் தாராபுரத்தில் மேகலா அமைந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, முப்பத்தொரு வயசு. அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு இடம் நிச்சயமாகி நின்றுபோனதாம். அதை நாம் கிளற வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையைச் சட்டையைக் கழற்றி உட்கார வைத்து, சொந்தபந்தம் எல்லாம் பார்க்க எண்ணெய் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். மேகலாவின் அண்ணன்மார் இரண்டு பேரும் எதிரில் நிற்பார்கள். அவர்கள் முன்னால் பூங்கொடியோடு உட்கார முடியுமா?

மேகலாவிடம் சொல்லியிருக்கலாம். ஆறு தடவை போனில் பேசிவிட்டோம். தோதான பேச்சு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். பதினாறு வருஷமாக "அந்தக் கருமத்த அழி" என்று சொன்னவள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "எழுத்த அழிக்கச் சொன்னா மாட்டப் புடிச்சுக்கிட்டு வந்திருக்கற" என்றாள். பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டு அஞ்சு நாளாகிறது. "கம்பம் நட்டிருக்கையில ஒடம்புல ஊசியப் போட்டு ரத்தம் காட்டிட்டு வந்திருக்கறயேடா!" சோறு போடும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மே 12, திங்கள்

காலையில் எழுந்தால் போர்வையும் கூடவே எழுந்து வருகிறது. ராத்திரி தண்ணீர் மாதிரி ஒன்று கசிந்து மையோடு சேர்ந்து காய்ந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்திருந்தால் காளையின் கொம்பு போர்வையோடு போயிருக்கும். போர்வையை இழுத்துக்கொண்டே குளியலறைக்குப் போய் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பிரித்தேன். கசிவது சகஜம்தான் என்கிறான் டேனி. நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கை வீங்கியிருக்கிறது. காளை சினை எருமை மாதிரி இருக்கிறது.

மே 13, செவ்வாய்

கடையில் பதினோரு மோட்டார். கத்திரி வெயில் ஆரம்பித்ததும் ஊரில் உள்ள மோட்டார் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு கருகும். செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவதற்குக் கை ஓயாமல் ஆட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டைக் கை காளையின் முதுகை உரசுகிறது. செம்புத் தூசி வேறு.

டேனி கொடுத்த சீட்டில், களிம்பை மெல்லிசாகத் தடவவும், முதல் நாளுக்குப் பிறகு கட்டுப் போட வேண்டாம் என்று இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினைந்து வருஷமாக மோட்டார் பிரித்தவன் நான். பேரிங்குக்கு கிரீஸ் குறைந்தால் தேயும், நிறைய வைத்தால் ஒன்றும் ஆகாது. தூசி போகும் இடத்தை மூடாமல் விடுகிறவன் மெக்கானிக்கே இல்லை. அதனால் களிம்பை நன்றாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, காயிலுக்கு ஒட்டும் டேப்பைப் போட்டு இறுக்கிவிட்டேன். இப்போது உரசவில்லை.

மே 14, புதன்

நேற்று போலவே கட்டு. உள்ளே வேர்க்கிறது. பரவாயில்லை.

மே 15, வியாழன்

அரிப்பு. சொறியக் கூடாதாம், தட்டிக்கொள்ளலாமாம். கடையில் நின்று என் கையை நானே அறைந்துகொண்டிருக்கிறேன். மோட்டார் எடுக்க வந்தவர், "ஏனுங், யார் மேல கோவம்?" என்று கேட்கிறார்.

மே 16, வெள்ளி

மேகலா போன் செய்தாள். பத்திரிகை வந்துவிட்டதாம். அவள் அப்பா முதல் பத்திரிகையைச் சாமி முன் வைத்துவிட்டு அழுதுவிட்டாராம். "எதுக்குங்க அழுதாரு?" என்று கேட்டேன். "அது அப்பிடித்தானுங்க, போன தடவ அடிச்ச பத்திரிகை இன்னும் ஒரு கட்டு பரண் மேல கெடக்குது" என்று சிரித்தாள்.  கை அரித்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

தோல் உரிகிறது, பாம்புச் சட்டை மாதிரி. ஒரு கறுப்புத் துணுக்கு கையோடு வந்தது. கீழே போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காளையின் மையா, பழைய மையா என்று தெரிந்துகொள்ளத்தான். கொஞ்ச நேரம் மேசை மேல் இருந்தது. பிறகு மின்விசிறிக் காற்றில் எங்கோ போய்விட்டது. தேடினேன், கிடைக்கவில்லை.

மே 19, திங்கள்

கட்டைப் பிரித்தால் காளையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரி. டேப் ஒட்டின இடம் முழுக்கச் சிவப்பு. கழுத்திலும் நெஞ்சிலும் வேறு கொஞ்சம். போட்டோ எடுத்து டேனிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"என்னங்ணா பண்ணி வெச்சிருக்கறீங்க? எத்தன நாளா மூடி வெச்சிருக்கறீங்க?"

"ஒரு வாரமா."

"அண்ணா, அது மோட்டாரு இல்லீங்ணா, தோலு! அதுக்கு மூச்சு வேணும். மொதல்ல எல்லாத்தையும் எடுத்து வீசுங்க. சோப்புப் போட்டுக் கழுவிக் காய விடுங்க. கொறையலீன்னா தோல் டாக்டருகிட்டப் போயிருங்க."

சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. என்னைவிடப் பத்து வயசு சின்னவன்.

மே 20, செவ்வாய்

காலையில் சட்டை இல்லாமல் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வந்தாள், கழுத்தைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், நெற்றியில் கை வைத்தாள். வெயிலில் எல்லோர் நெற்றியும்தான் சுடுகிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, மாரியாத்தா" என்று என் காலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"என்னம்மா?"

"பேசாத சாமி. ஆத்தா வந்திருக்கறா. கம்பம் நட்டிருக்கையில ரத்தம் காட்டுனயில்ல, அதான் கேக்க வந்துட்டா."

"அம்மா, இது டேப் ஒட்டுன பொரிம்மா. அம்மையில்ல."

"ஆத்தாவ வெச்சுக்கிட்டு எதுத்துப் பேசக் கூடாது."

பத்து நிமிஷத்தில் வாசலில் வேப்பிலை. கடைச் சாவி அவள் இடுப்பில். நான் பாயில், வேப்பிலை மேல். பதினோரு மோட்டார்காரர்களுக்கும் யார் பதில் சொல்வது?

மே 21, புதன்

டேனி கழுவச் சொல்வது சோப்பில். அம்மா வீட்டில் உள்ள சோப்பை எல்லாம் ஒளித்து வைத்துவிட்டாள். டேனி களிம்பு போதும் என்கிறான். அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் காளை மேல் முழுசாகப் பூசிவிட்டாள். எரிச்சலில் எழுந்து குதித்தேன். "ஆத்தா ஆடறா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. முப்பத்தாறு வயசில் மஞ்சள் மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

தாளிக்காத சோறு, மோர், இளநீர். டாக்டர் பேச்சை எடுத்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

மே 22, வியாழன்

முதல் தண்ணீர் ஊற்றினாள். மூன்று தண்ணீர் ஊற்றினால்தான் வாசல்படி தாண்டலாம். இரண்டாவது ஞாயிறு, மூன்றாவது அடுத்த வியாழன்.

மத்தியானம் அம்மா தாராபுரத்துக்குப் போன் போட்டாள். மேகலாவின் அப்பா செல்லமுத்து மாமாதான் எடுத்தார். "பையனுக்கு அம்ம வாத்திருக்குதுங்ணா. தண்ணி ஊத்தி ஒரு மண்டலம் கழியாம மஞ்சக் கயிறு ஆகாதுங்க. அப்புறம் ஆடி வந்துருது. ஆவணில வெச்சுக்கலாமுங்க." அந்தப் பக்கம் "சரிங்க" என்று மட்டும் கேட்டது.

அம்மா பேசும்போது நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். போனை வாங்கியிருக்கலாம். வாங்கி என்ன சொல்வது? அம்மையில்லை, பச்சை குத்தினேன் என்றா? என்ன பச்சை, எதற்கு இப்போது என்று கேட்பார்கள். ஒன்றைத் தொட்டால் ஒன்று வரும். எல்லாம் அம்மாவால் வந்தது. அவள் பிடிவாதத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?

மே 23, வெள்ளி

மேகலா வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். பொரியில் நீர் கோத்திருக்கிறதா, எங்கே முதலில் வந்தது, காய்ச்சல் எவ்வளவு, ஒரு போட்டோ அனுப்ப முடியுமா. பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், கேள்வியெல்லாம் சரியான இடத்தில் வந்து விழுகிறது. கழுத்தை மட்டும் எடுத்து அனுப்பினேன்.

"இது வேர்க்குரு மாதிரியல்லங்க இருக்குது?" என்று வந்தது.

"அம்மா அம்மைங்கறாங்க" என்று அனுப்பினேன்.

பொய் இல்லை. அம்மா அப்படித்தான் சொல்கிறாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் அனுப்பவில்லை.

மே 24, சனி

பொரி பாதி அடங்கிவிட்டது. டேப்பை எடுத்ததும் தானாகவே அடங்குகிறது. ஆத்தா இறங்குகிறாள் என்கிறாள் அம்மா.

ஆனால் காளை பாலாடை படிந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. உரிந்த இடமெல்லாம் திட்டுத் திட்டு. வயிற்றுப் பக்கம் கண்ணாடியில் பார்த்தேன். 'கொடி' தெரிகிறது. முதல் இரண்டு எழுத்தும் தொடைக்குள் போய்விட்டன, கடைசி எழுத்துகள் வயிற்றில் பளிச்சென்று இருக்கின்றன. கன்றுக்குட்டி மாதிரி உள்ளே படுத்துக்கொண்டிருக்கிறது. பத்து தடவை பார்த்திருப்பேன்.

மே 25, ஞாயிறு

இரண்டாம் தண்ணீர். டேனியிடம் கேட்டேன். வெளுப்பது தோல் மூடுகிற காலமாம், ஒரு மாதத்தில் தெளியுமாம். திட்டு விழுந்த இடத்தை மறுபடி குத்தித்தான் மறைக்க வேண்டும், அதற்கும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

அப்படியானால் ஆவணி ஒரு வகையில் நல்லதுதான் என்று தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மே 26, திங்கள்

சாயங்காலம் மேகலா கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"உங்களுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுன்னா நேரா சொல்லீருங்க. எங்கப்பா தாங்கிக்குவாரு. ஆவணின்னு மட்டும் சொல்லாதீங்க."

"ஏனுங்க?"

"மொதல்ல நிச்சயம் பண்ணுனவங்களும் ஆவணின்னுதான் சொன்னாங்க. அவங்க பாட்டி செத்துட்டாங்க, ஆவணில வெச்சுக்கலாமுன்னு. நாங்க ஆவணி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தோம். புரட்டாசில அந்தப் பையனுக்கு வேற எடத்துல நிச்சயம் பண்ணுனது பத்திரிகை பாத்துத்தான் தெரிஞ்சுது."

"அய்யோ, அப்பிடியெல்லாம் இல்லீங்க" என்றேன்.

"அப்ப எப்பிடிங்க?"

அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "அம்மா வர்றாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா வந்தது நிஜம். ஆனால் அம்மா காதில் விழுந்தால் என்ன, அவளுக்குத் தெரியாத கதையா இது? பதினைந்து நாளாக இந்த டைரியில் எல்லோரையும் திட்டி எழுதியிருக்கிறேன். வெயிலை, போர்வையை, டேனியை, அம்மாவை, மாரியாத்தாவைக்கூட விடவில்லை. புரட்டிப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமை போனை வாங்காதவன் நான்தான்.

மே 27, செவ்வாய்

மூன்று தடவை கூப்பிட்டேன். மேகலா எடுக்கவில்லை.

மே 28, புதன்

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "தாராபுரம் போறேன்மா" என்றேன். அம்மா வாசலில் குறுக்கே நின்றாள்.

"மூணாந்தண்ணி நாளைக்கு. படி தாண்டுனா தெய்வ குத்தம்டா."

"அந்தப் பொண்ணுக்கு நாம பொய் சொல்லீருக்கறோம்மா."

"நான் என்ன பொய் சொன்னேன்? ஆத்தா வந்தா."

"நீ சொல்லல. நாந்தான் சொன்னேன். பூங்கொடி பேர மறைக்கத்தான் குத்துனேன்னு சொல்ல வாயில்லாம, அம்மைக்குப் பின்னால போய்ப் படுத்துக்கிட்டேன். அவளுக்கு மொதல் எடமும் இப்பிடித்தான் ஆவணின்னு சொல்லி விட்டுட்டுப் போனாங்களாம். மறுபடியும் அதே பேச்சக் கேட்டு அவங்கப்பன் சரிங்கன்னு சொல்லீருக்கறாரு. நாளைக்குப் போனா ஒரு நாள் தாமசம்மா."

அம்மா உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அண்டாவைத் தூக்கி வந்து வாசலில் வைத்து, வேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். "உக்காரு. மூணாந்தண்ணிய இன்னைக்கே ஊத்திரலாம். ஆத்தாளுக்கும் பொட்டப்புள்ளைக படற பாடு தெரியும், நான் சொல்லிக்கறேன்." ஒவ்வொரு சொம்புக்கும், "பொறுத்துக்க தாயே" என்றாள். பயம் அவளுக்கு நிஜமானது, அதைத் தாண்டித்தான் ஊற்றினாள். துவட்டிவிட்டு, "அரைக்கை சட்டை போட்டுக்கிட்டுப் போ" என்றாள்.

பஸ்ஸில் வேப்பிலை நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

தாராபுரத்தில் செல்லமுத்து மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அம்மைன்னாங்க?" என்று எழுந்தவர், வாங்க என்று சொல்லவில்லை. மேகலா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், கையில் சாப்பாட்டுப் பை. நான் நின்றபடியே சட்டைக் கையைச் சுருட்டித் தோள்வரை ஏற்றினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"அம்மையில்லீங்க மாமா. பச்ச குத்துனது புண்ணாயிருச்சு. உள்ள ஒரு பேரு இருக்குது. பூங்கொடின்னு. இருவது வயசுல குத்துனது. அதை மறைக்கத்தான் இது. சொல்லப் பயமா இருந்துதுங்க. அம்மாவுக்கு அம்மைன்னு பட்டுது, நானும் அப்பிடியே விட்டுட்டேன்."

மேகலா பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். காளையைப் பார்த்த மாதிரி தெரியவில்லை, தோலைத்தான் பார்த்தாள்.

"சீழ் வந்துதுங்களா?"

"இல்லீங்க."

"இன்னைக்கே தோல் டாக்டரப் பாருங்க." கையை விட்டாள். "அவங்கள இன்னும் நெனச்சுக்கறீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "குத்தி முடிச்சு உரிஞ்சப்ப ஒரு நா நெனச்சேன்" என்றுதான் வந்தது. "அப்புறம் மொத்தமும் உங்க நெனப்புத்தானுங்க, நீங்க போயிருவீங்கன்னு."

"பேரு இருந்தா இருந்துட்டுப் போகுது. எனக்கு முந்தி உங்களுக்கு ஒரு வயசு இருந்திருக்காதா? அதை எதுக்குங்க ஆத்தா தலையில போட்டீங்க? எங்கப்பா ஆறு நாளாச் சரியாச் சோறு திங்கல." குரல் உயரவில்லை. கண் நிறைந்துவிட்டது. நான் தலையைக் குனிந்து நின்றேன். 

செல்லமுத்து மாமா போனை எடுத்து ஒரு எண்ணைப் போட்டு, அடிக்கும்போதே என் கையில் கொடுத்தார். யார் என்று தெரியாமல் காதில் வைத்தேன்.

"சொல்லுங் செல்லமுத்தண்ணா" என்றது அந்தப் பக்கம். மண்டபத்துக்காரர். "எட்டாந்தேதிய வேற பார்ட்டிக்குக் குடுத்தரலாங்களா? ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கறாரு. ஏனுங்ணா, நம்ம பொண்ணுக்கு மட்டும் ஏன் இப்பிடியே ஆகுது? ஜாதகத்த ஒருக்கா நல்ல எடத்துல காட்டுங்ணா. ஊர்ல வேற மாதிரியெல்லாம் பேசறாங்க."

இதைத்தான் ஆறு நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வருஷமாகக் கேட்டிருக்கிறார். 

"நான் மாப்பிள்ளை நல்லசிவம் பேசறேனுங்க" என்றேன். "பொண்ணு ஜாதகத்துல ஒண்ணுமில்லீங்க. தப்பு எம்பேர்ல. யாரு என்ன பேசுனாலும் அதையே சொல்லுங்க."

"ஓ... சரிங், சரிங். அப்ப எட்டாந்தேதி இருக்குதுங்களா, இல்லீங்களா?"

இருக்கிறது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? போனைக் கையால் மூடிக்கொண்டு மேகலாவைப் பார்த்தேன். அவள் அப்பாவும் அவளைத்தான் பார்த்தார். "அங்க கேக்குதுங்களா?" என்று போன் இரண்டு தடவை கேட்டது. மேகலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணா, மேகலா பேசறேன். எட்டாந்தேதி எங்களுக்குத்தான். யாருக்கும் குடுத்தறாதீங்க."